தூங்குமூஞ்சிச் சுவரும் மீட்டரக்காவும்

எங்கள் குடிநீர் அலுவலகத்து வருகைப் பதிவேட்டில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். மேலதிகாரி முதல் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் மீட்டரக்கா.

இருபத்திரண்டு வருடம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்தவர். ஒரு கையில் கொக்கி, மறு கையில் டார்ச், தோளில் ஒரு பை. வாசலோரம் தரையில் பதித்திருக்கும் இரும்பு மூடியைக் கொக்கியால் நெம்பித் தூக்கி, குனிந்து, புழுதி படிந்த கண்ணாடியைக் கட்டைவிரலால் துடைத்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, மூடியைக் காலால் தள்ளி மூடிவிட்டு அடுத்த வீடு. ஒரு நாளைக்கு நூற்றெண்பது வீடு. மலையடிவாரத்தில் தொடங்கி மலைமேல் பாதித் தூரம் ஏறி நிற்கும் நகரம் எங்களுடையது. இங்கே நூற்றெண்பது வீடு என்றால் ஆயிரம் படிக்குக் குறையாது. எந்தத் தெருவில் எந்த நாய் எத்தனை மணிக்குத் தூங்கும் என்பது வரை அவருக்கு அத்துப்படி.

பிறகு தானியங்கி மீட்டர்கள் வந்தன. ஒரு வண்டி தெருவில் மெல்லப் போனால் போதும், எல்லா வீட்டு எண்களும் கணினிக்கு வந்து சேர்ந்துவிடும். "இனிமே வெயில்ல அலைய வேண்டாம்க்கா, ஃபேனுக்குக் கீழ நிம்மதியா உட்காருங்க" என்று சொல்லி, புகார்ப் பிரிவில் என் பக்கத்து மேசையில் அவரைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். எல்லோரும் அவருக்கு நல்லது செய்ததாகத்தான் நினைத்தோம்.

மூன்றே வாரத்தில் அவருக்குக் கால் இரண்டும் வீங்கிவிட்டன. தொலைபேசி அடித்தால் எழுந்து நின்றுதான் பேசுவார்.

"உட்கார்ந்து பேசுங்கக்கா, யாரும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல" என்றேன்.

"உட்கார்ந்தா எனக்குக் காது கேக்க மாட்டேங்குதும்மா" என்றார். விளையாட்டுக்குச் சொன்னதாக நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

நாலாவது வாரத்து ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பினார். பேருந்து ஓட்டுநரான அவர் கணவர், "வாரம் பூரா நான் ஓட்டறேன், லீவு நாள்ல நீ ஓடறியா?" என்று கேட்டாராம். கூடவே கிளம்பியது அவருடைய நாத்தனார். கணவரின் தங்கை, அதே வீட்டின் முன்னறையில் தையல் கடை வைத்திருப்பவர். வாய் ஓயாதவர். "அண்ணி தனியாப் போனா ஊர் எல்லை வரைக்கும் போயிடுவாங்க, திருப்பிக் கூட்டிட்டு வர ஒரு ஆள் வேணும்ல" என்பது அவர் சொன்ன காரணம். உண்மையில் ஆறு நாளும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து தைத்துத் தைத்து அவருக்கும் இடுப்பு பிடித்துப் போயிருந்தது.

இருவரும் பழைய மீட்டர் வழிகளில்தான் நடந்தார்கள். ஆனால் இப்போது குனிய வேண்டிய வேலை இல்லை. எங்கள் நகரில் ஐந்தாறு வருடமாகவே ஓவியர்கள் வெற்றுச் சுவர்களில் படம் வரைந்துகொண்டிருந்தார்கள். பேருந்துப் பணிமனையின் பின்சுவர், மேல்நிலைத் தொட்டியின் வயிறு, மண் சரியாமல் இருக்கச் சாலையோரம் கட்டிய தடுப்புச் சுவர்கள், மாடிப்படிகளின் பக்கவாட்டு என்று இடம் கிடைத்த இடத்திலெல்லாம் நிறம். அத்தனைக்கும் கீழே உள்ள மீட்டர் மூடிகளை மீட்டரக்கா தூக்கியிருக்கிறார். படங்களை நிமிர்ந்து பார்த்ததில்லை.

திங்கட்கிழமை வந்ததும் என் மேசைமேல் கையை ஊன்றிக்கொண்டு சொன்னார்: "இருபத்திரண்டு வருஷமா இந்த ஊரோட காலைத்தாம்மா பார்த்திருக்கேன். நேத்துதான் மூஞ்சியப் பார்த்தேன். நல்லாத்தான் இருக்கு."

அடுத்த ஞாயிறு நானும் போனேன். அதற்கடுத்து என் வீட்டுக்காரர், பக்கத்து வீட்டு ஆசிரியை, புகார் சொல்லத் தொலைபேசியில் அழைத்து அக்காவிடம் வசமாகப் பேச்சில் மாட்டிக்கொண்ட இரண்டு பேர் என்று கூட்டம் சேர்ந்தது. ஓவியத்தைப் பற்றி அக்காவுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவும் மாட்டார். ஆனால் எதை எங்கே நின்று பார்க்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். கீழ்த்தெருவில் மூன்று வீடுகளின் பக்கச்சுவர்களில் கருநீலத் தீற்றல்கள் இருந்தன. எங்களுக்கெல்லாம் அது மிச்சப் பெயிண்டைக் கொட்டித் தீர்த்த மாதிரிதான் தெரிந்தது. அக்கா எங்களை எதிர்ச்சரிவில் நாற்பத்தோராவது படிக்கு ஏற்றி, "இப்போ திரும்புங்க" என்றார். மூன்று சுவரும் ஒன்றாகச் சேர்ந்து, சிறகு விரித்த ஒரு பெரிய பறவை நின்றது. ஒரு படி கீழே இறங்கினால் பறவை உடைந்துவிடும். ஆசிரியை ஐந்து தடவை ஏறி இறங்கிப் பார்த்தார்.

"எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?"

"மூச்சு வாங்க நின்னேன். எல்லாரும் நிக்கிற இடம்தானே அது? அந்தப் பெயிண்டர் பயலும் அங்கதான் நின்னிருப்பான்."

அடுத்த ஆறு மாதத்தில் எங்கள் நகரத்தை நாங்கள் இருபது தடவையாவது நடந்து பார்த்திருப்போம். அதில் எல்லோருக்கும் பிடித்தது ஒரே சுவர்தான். மேல் தெருவுக்கும் கீழ்ச் சாலைக்கும் நடுவே, ஒரு வளைவில், இரண்டு மாடி உயரத்துக்கு நீளமாக நின்ற தடுப்புச் சுவர். அதன் முழு நீளத்துக்கும் ஒரு பெண் ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். இந்தக் கோடியில் தலை, அந்தக் கோடியில் பாதம், மேலே போர்த்திய சாம்பல் நீலப் போர்வை. போர்வையின் மடிப்புகள் பின்னால் தெரிகிற மலையின் மடிப்புகளோடு போய்ச் சேரும். ஊர்க்காரர்கள் அவளுக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்திருந்தார்கள். பேருந்து நடத்துநரே "தூங்குமூஞ்சி இறங்கு" என்றுதான் குரல் கொடுப்பார். புதிதாக ஏறியவர்கள் தங்களைத்தான் சொல்கிறார் என்று திடுக்கிட்டு எழுவார்கள்.

மழைக்காலம் தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை நடையில் அக்கா, நாத்தனார், நான் மூன்று பேர் மட்டும்தான். தூங்குமூஞ்சிக்கு எதிரே நின்றோம். நாத்தனார் திடீரென்று பேச்சை நிறுத்தினார். அது நடக்காத காரியம் என்பதால் இருவரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம்.

"அண்ணி, இவளுக்கு இடுப்பு பெருத்திருக்கு."

"சுவத்துல வரைஞ்ச பொம்பளைக்கு இடுப்பு எப்படிப் பெருக்கும்?"

"நான் ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு அளவு எடுக்கறேன்! போன மாசம் இப்படி இல்ல. மாசமா இருக்கறவ மாதிரி இருக்கா, பாருங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா சிரிக்காமல் சாலையைக் கடந்து சுவரருகே போனார். போர்வையின் ஒரு மடிப்பில் நீலம் அடர்ந்திருந்தது. ஓவியர் போட்ட நிழல் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அக்கா அதில் உள்ளங்கையை வைத்து, எடுத்து, எங்களுக்குக் காட்டினார். கை நனைந்திருந்தது.

"போன வாரம் இந்த ஈரம் முழங்கால்கிட்ட நின்னுது. இப்போ இடுப்பு வரைக்கும் ஏறிடுச்சு."

நாத்தனாரின் பையில் எப்போதும் ஒரு நூல்கண்டு இருக்கும். சுவரின் ஒரு பக்கம் நான், மறுபக்கம் நாத்தனார், நடுவில் அக்கா. நூலை இழுத்துக் கட்டிய மாதிரி பிடித்தோம். நேரான சுவர் என்றால் நூல் முழுக்கச் சுவரோடு ஒட்டிக் கிடக்க வேண்டும். எங்கள் நூல் தூங்குமூஞ்சியின் இடுப்பில் மட்டும்தான் தொட்டது. எங்கள் இரண்டு பக்கமும் சுவருக்கும் நூலுக்கும் நடுவே நாலு விரல் புகுந்தது. அதாவது சுவரின் நடுப்பகுதி நாலு விரல்கடை முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. அந்தச் சுவருக்கு மேலே பதினோரு வீடுகள். கீழே பள்ளிப் பேருந்து திரும்பும் சாலை.

திங்கட்கிழமை காலையில் அக்கா நேராக உதவிப் பொறியாளரின் அறைக்குப் போனார். பொறியாளர் முப்பது வயதுக்காரர், நல்ல மனிதர், எதையும் திரையில் பார்த்தால்தான் நம்புவார். திரையை அக்கா பக்கம் திருப்பினார்.

"அக்கா, மேல் தெரு முழுக்கப் பச்சையாத்தான் காட்டுது. ஒரு சொட்டுகூடக் கசியல. மழை ஈரமா இருக்கும். நாலு மாசத்துக்கு முன்னாடிதான் அந்தச் சுவரை ஆய்வு பண்ணினாங்க."

"நாலு மாசத்துக்கு முன்னாடி மழையே இல்ல சார். அப்புறம், மீட்டரைத் தாண்டிப் போற தண்ணிய மீட்டர் சொல்லும். மீட்டருக்கு முன்னாடியே ஓடிப்போற தண்ணிய அது எப்படி சார் சொல்லும்?"

பொறியாளர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு மறுபடியும் அக்காவைப் பார்த்தார்.

"என்ன செய்யலாம்ங்கறீங்க?"

"எந்திரிங்க. நடந்து போயிட்டு வந்துடலாம்."

நானும் கூடக் கிளம்பினேன். அக்கா கிடங்கிலிருந்து ஒரு பழைய கம்பியை எடுத்துக்கொண்டார். ஆளுயர இரும்புக் கம்பி. ஒரு முனையைத் தரையில் ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்தால் மண்ணுக்குள் குழாய் கசியும் சத்தம் கேட்கும். மேல் தெருவில் வீட்டுக்கு வீடு ஊன்றிக்கொண்டே போனார். ஏழாவது வீட்டுக்கும் எட்டாவது வீட்டுக்கும் நடுவில் நின்றார். கம்பியைப் பொறியாளரிடம் கொடுத்தார். அவர் காதை வைத்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"கொதிக்கிற மாதிரி கேக்குது" என்றார் மெல்ல.

"இது எத்தனை நாளாவோ கொதிக்குது சார்."

பொறியாளர் அங்கேயே நின்று தொலைபேசியில் ஆள் வரச்சொல்லி, அன்று மதியமே அந்தக் குழாயை மூடவைத்தார். சாலையைத் தோண்டிப் பழுது பார்க்க இரண்டு நாள். அது எளிதான பாதி. ஏற்கெனவே சுவருக்குப் பின்னால் மண்ணில் ஊறி நிற்கும் தண்ணீரை என்ன செய்வது? மேலே மழை வேறு இறங்கிக்கொண்டிருந்தது. கீழே இறங்கிச் சுவரைப் பார்த்தபோது பொறியாளருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"இவ்வளவு பெரிய தடுப்புச் சுவர்ல, தண்ணி வடிய ஓட்டை விட்டிருப்பாங்களே. ஒண்ணுகூடக் காணோமே?"

அக்கா தூங்குமூஞ்சியின் வழவழப்பான போர்வையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என்னிடம், "இவளை வரைஞ்ச பெயிண்டரைக் கண்டுபிடிக்கணும்" என்றார்.

கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. பிழைப்புக்கு வீடுகளுக்கு வெள்ளையடிப்பவர் அவர். நாற்பது வயது, ஒல்லி, விரல் நகங்களில் நாலைந்து நிறம். தூங்குமூஞ்சிக்காக வேலையெல்லாம் விட்டுவிட்டு மூன்று மாதம் சாரம் கட்டி ஏறி நின்றவர். மாலையில் நேராகச் சுவருக்கே வந்தார். நாங்கள் அவரைப் பாராட்டத்தான் கூப்பிட்டிருக்கிறோம் என்று நினைத்தார் போல, தலை சீவியிருந்தார்.

அக்கா சுற்றி வளைக்கவில்லை. "தம்பி, இந்தச் சுவத்துல ஓட்டைங்க இருந்திருக்கணும். எங்க?"

பெயிண்டரின் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அது இறங்கியது.

"அடைச்சுட்டேன்."

"எத்தனை?"

"பதினாறு. சிமெண்ட்டு வச்சு. அவ முகத்துல மூணு ஓட்டை வந்துச்சுக்கா. ஒண்ணு சரியாக் கண்ணுமேல. எப்பவும் காஞ்சுதான் கிடந்துச்சு. சும்மா விட்டு வச்சிருக்காங்கன்னு நெனச்சேன். யாரும் சொல்லல."

"யாரையும் நீயும் கேக்கல."

"இல்ல." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "கேக்கல."

நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். இந்தச் சுவரை அவரளவுக்கு நேசித்தவர் ஊரில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள். வாராவாரம் இதற்கு முன்னால் நின்று, இன்றைக்கு எந்த வெளிச்சத்தில் எப்படி இருக்கிறாள் என்று வீட்டுப் பிள்ளையைப் பற்றிப் பேசுவது போலப் பேசியவர். அவர் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

"நாளைக்குக் காலையில அத்தனையும் திறந்தாகணும். எது எது எங்கன்னு உனக்குத்தான் தெரியும். நீ வந்து காட்டு."

செவ்வாய்க்கிழமை காலை சாலையின் இரு முனையிலும் தடுப்புப் போட்டு வண்டிகளைத் திருப்பிவிட்டார்கள். மேல் தெருவின் பதினோரு வீட்டுக்காரர்களையும் பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு அனுப்பியாகிவிட்டது. துளை போடும் இயந்திரத்தோடு இரண்டு ஆட்கள், பொறியாளர், நாங்கள். செய்தி அதற்குள் பரவியிருந்ததால் தடுப்புக்கு வெளியே நல்ல கூட்டம். சுவருக்கு நேர் எதிரே கடை வைத்திருக்கும் மருந்துக்கடைக்காரர்தான் முதலில் குரல் எழுப்பினார்.

"ஊர்ல நாலு பேர் பார்க்க வர்றதே இந்தப் படத்துக்காகத்தான். அதுல போய் ஓட்டை போடறீங்களா? ஒரு நூலைப் பிடிச்சுப் பார்த்துட்டு முடிவு பண்றதா? நிபுணருங்க யாராச்சும் வந்தாங்களா?"

கூட்டத்தில் பாதிப் பேர் அவர் பக்கம் தலையாட்டினார்கள். பொறியாளர் தொண்டையைக் கனைத்தார். அவர் ஆரம்பிப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார்.

"அண்ணே, நீங்க சொல்றது எல்லாம் சரி. இத்தனை நாள் அவ தூங்கினா. இனிமே எந்திரிச்சான்னா முதல்ல விழப்போறது உங்க கடைமேலதான். நான் ஒண்ணு கேக்கறேன். இப்போ கடைக்குள்ள போய் ஷட்டரைத் திறந்து வச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பீங்களா? இருப்பீங்கன்னா சொல்லுங்க, வேலையை நிறுத்திடறோம்."

மருந்துக்கடைக்காரர் சுவரைப் பார்த்தார். முதல் தடவையாக அதைப் படமாகப் பார்க்காமல் சுவராகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். ஓரமாக நகர்ந்து நின்றார்.

பெயிண்டர் சாக்கட்டியோடு ஏணியில் ஏறினார். அளவு எதுவும் எடுக்கவில்லை. போர்வையில் பத்து இடம், தோளில் இரண்டு, தலைமுடியில் ஒன்று என்று வட்டம் போட்டுக்கொண்டே போனார். முகத்துக்கு வந்தபோது மட்டும் கை ஒரு நொடி நின்றது. பிறகு கண்ணின் மேல் சரியாக ஒரு வட்டம் போட்டார். இறங்கி வந்து, வேலையாளின் கையிலிருந்த இயந்திரத்துக்குக் கையை நீட்டினார்.

"குடுங்க. நான் மூடினது, நானே திறந்துடறேன்."

முதல் துளையில் வெறும் தூசி. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். இரண்டாவதில் சேறு, பல்பசை போலப் பிதுங்கி வந்து நின்றது. பொறியாளர் என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா, "இடுப்புல போடு தம்பி" என்றார்.

மூன்றாவது துளை. அடைத்த சிமெண்ட் உள்ளிருந்தே தெறித்து வெளியே விழுந்தது. அதன் பின்னாலேயே தண்ணீர். பழுப்பு நிறத் தண்ணீர், கை மொத்தத்துக்கு, சாலையைத் தாண்டிப் பாய்ந்து மருந்துக்கடையின் ஷட்டரில் போய் அடித்தது. ஓரமாக நின்ற மருந்துக்கடைக்காரர் தலை முதல் கால் வரை நனைந்துபோனார். ஏணியோடு சாய இருந்த பெயிண்டரை இரண்டு ஆட்களும் பிடித்துக்கொண்டார்கள். கூட்டம் "ஐயோ" என்று ஒரே குரலில் பின்வாங்கியது. அப்புறம் தண்ணீர் பாயும் சத்தம் மட்டும்தான்.

மருந்துக்கடைக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மிச்சத்தையும் போடுங்கப்பா, என்ன வேடிக்கை!" என்று அதட்டினார். அதற்குப் பிறகு ஏணி பிடித்தவர்களில் அவரும் ஒருவர்.

மதியத்துக்குள் பதினாறும் திறந்தாகிவிட்டது. இரண்டு இரவு, மூன்று பகல் தண்ணீர் வடிந்தது. தூங்குமூஞ்சியின் முகத்திலிருந்து பாதம் வரை சேற்றுக் கோடுகள். துளைகளைத் திறந்த அன்று மாலை எல்லோரும் போன பிறகு அக்கா எதிர்ப்புறம் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தார். அவர் தானாக உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன பேசுவது என்று தெரியாமல், "அண்ணி, இடுப்பு குறைஞ்ச மாதிரி இருக்கு" என்றார். அழுகைக்கு நடுவிலேயே அக்காவுக்குச் சிரிப்பு பீறிட்டது.

அந்த வாரக் கடைசியில் எட்டு மணி நேரம் விடாமல் மழை பெய்தது. எங்கள் நகரில் வேறு இரண்டு இடங்களில் மண் சரிந்தது. தூங்குமூஞ்சிச் சுவர் பதினாறு வாயாலும் தண்ணீரைத் துப்பிக்கொண்டு நின்றது. மழை விட்டதும் உள்ளே இரும்புக் கம்பிகளைச் செலுத்தி இறுக்கிக் கட்டினார்கள். பதினோரு குடும்பங்களும் வீடு திரும்பின. பெயிண்டர் சேற்றைக் கழுவி, மங்கிய இடங்களில் மட்டும் நிறம் தொட்டார். ஓட்டைகளைச் சுற்றி ஏதாவது பூவோ பட்டாம்பூச்சியோ வரைந்து மறைக்கலாமே என்று பலரும் யோசனை சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. கண்மேல் உள்ள ஓட்டை கண்மேல்தான் இருக்கிறது. மழை நாளில் அதிலிருந்து ஒரு கறை வடிகிறது.

பொறியாளர் மாதாந்திரக் கூட்டத்தில் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார், தான் முதலில் நம்பாததையும் சேர்த்து. மேலதிகாரி அக்காவை அழைத்து என்ன வேண்டும் என்று கேட்டார். பாராட்டுக் கடிதம், புது நாற்காலி என்று ஏதாவது கேட்பார் என்று எதிர்பார்த்திருப்பார்.

"உட்கார்றதுக்கு இங்க நிறையப் பேர் இருக்காங்க சார். நடக்கறதுக்குத்தான் ஆள் இல்ல. என்னை நடக்க விடுங்க" என்றார் அக்கா.

இப்போது அவருடைய மேசை காலியாக இருக்கிறது. வாரத்தில் ஐந்து நாள் கம்பியோடு தெருத்தெருவாகப் போய்க் கசிவுகளைக் கேட்கிறார். கால் வீக்கம் போன இடம் தெரியவில்லை. மலையின் அந்தப் பக்கத்து நகரங்களிலும் சுவர்களில் படம் வரைகிறார்கள், அங்கேயும் தடுப்புச் சுவர்கள்தான். பெயிண்டரை அங்கேயெல்லாம் கூப்பிடுகிறார்கள். அவர் ஒரே நிபந்தனையோடுதான் போகிறார்: "வரையறதுக்கு முன்னாடி எங்கக்கா வந்து சுவரைப் பார்க்கணும்." அப்படித்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமை நடை ஊர் தாண்டியது.

அக்காவின் கணவர் தன் விடுமுறையை வேறு நாளுக்கு மாற்றிக்கொண்டு ஞாயிறன்று ஓட்டும் பேருந்திலேயே முதல் இருக்கையில் போவோம். ஒரு நகரத்தில் தெருவே கிடையாது, எல்லாம் படிக்கட்டு. படங்களைப் படிகளின் முன்முகத்தில் வரைந்திருக்கிறார்கள். ஏறும்போது முழுப்படமும் தெரியும், இறங்கும்போது வெறும் கல்தான். நாத்தனார் பாதிப் படிகளைப் பின்னோக்கியே இறங்கினார். விழாதது எங்கள் அதிர்ஷ்டம். இன்னொரு நகரத்தில் கடைகளின் ஷட்டர்களில்தான் ஓவியங்கள். கடை திறந்தால் படம் சுருண்டு மேலே போய்விடும். அதனால் அங்கே விடிந்ததும் நடந்தாக வேண்டும்.

போன மாதம் அந்த ஷட்டர் நகரத்துக்குப் போயிருந்தோம். மலைக்குப் பின்னாலிருந்து வெயில் இன்னும் இறங்கவில்லை. ஒரு முடிதிருத்தும் கடையின் ஷட்டரில் நிறைய முகங்கள், அத்தனை பேரும் கண்ணை மூடி, தலையைச் சற்றுச் சாய்த்து. நாங்கள் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடைக்காரர் சாவியோடு வந்துவிட்டார்.

"என்னங்க, முடி வெட்டணுமா?"

"இல்லீங்க, உங்க கதவைப் பார்க்க வந்தோம்" என்றார் அக்கா.

"கதவையா?" அவர் திரும்பிப் பார்த்தார். "ஆமா, யாரோ ரெண்டு பொண்ணுங்க போன வருஷம் வரைஞ்சுட்டுப் போச்சுங்க. நான் வந்தா முதல்ல தூக்கி விட்டுருவேன். ராத்திரி இறக்கும்போது இருட்டாயிடும். சரியாப் பார்த்ததே இல்ல."

"இந்தப் பக்கம் வாங்க, இங்கேர்ந்து பாருங்க."

அவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சாலையைக் கடந்து எங்கள் பக்கம் வந்து நின்றார். முதலில் சும்மா பார்த்தார். அப்புறம் கையை நீட்டினார். "அந்த மூக்கு... அது தபால்காரர். இது எதிர்வீட்டு அம்மாவோட மகன், இப்போ வெளியூர்ல இருக்கான். இது, இது..." அவர் எண்ணத் தொடங்கினார். எல்லோரும் அவரிடம் முடி வெட்டிக்கொண்டவர்கள். அவர் கத்தரிக்கோலுக்கு முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த முகங்கள். அந்தப் பெண்கள் வெளியே நின்று பார்த்து வரைந்திருக்க வேண்டும்.

அன்றைய முதல் வாடிக்கையாளர் வந்து ஷட்டருக்கு முன்னால் நின்று, "கடை திறக்கலியா?" என்று கேட்டார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுப்பா, மறைக்கற" என்றார் கடைக்காரர்.

நாங்கள் அவரை அங்கேயே விட்டுவிட்டு நடந்தோம். வளைவில் தெரு இரண்டாகப் பிரிந்தது. ஒன்று கடைவீதிக்கு இறங்கியது, இன்னொன்று மலையை நோக்கிச் செங்குத்தாக ஏறியது. நாத்தனார் இறங்குகிற பக்கம் ஆசையாகப் பார்த்தார். அக்கா அதற்குள் ஏறுகிற தெருவில் பத்துப் படி போயிருந்தார்.